ஐந்து மணிக்கு வருகிறவர்கள்

வானத்தில் ஆள் தேடுகிற வேலையில் முக்கால்வாசி, பூமியில் இருக்கிற ஆட்களைக் கழித்துக்கட்டுகிற வேலைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மங்கையர்க்கரசிக்கு இது புரிந்துபோயிற்று. கல்வராயன் மலைமேல் அந்த வானொலித் தொலைநோக்கியைக் கட்டியது, எங்கோ ஒரு நட்சத்திரத்திலிருந்து யாராவது பேசுகிறார்களா என்று கேட்பதற்கு. காதை வைத்தால் கேட்டதெல்லாம் நம் ஆட்கள்தான். அடிவாரத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தின் மோட்டார், போலீஸ்காரர்களின் வாக்கிடாக்கி, கைபேசிக் கோபுரம், கோயில் மைக்செட். இத்தனை கூச்சலையும் சலித்துத் தள்ளிவிட்டு, மிச்சம் இருப்பதில் அறிவுள்ள ஒன்றின் கைவேலை தெரிகிறதா என்று பார்க்க அவள் ஒரு நிரல் எழுதினாள். அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்தாள். 

இருபது வருடம் சலித்தும் ஒன்றும் மிஞ்சவில்லை. தொலைநோக்கியை மூடிவிடலாம் என்று டெல்லியில் பேச்சு அடிபட ஆரம்பித்தது.

"மேலே ஒருத்தரும் இல்லைன்னு தெரிஞ்சுக்க இருபது வருஷமா?" என்று அவள் கணவர் தணிகாசலம் கேலி செய்வார். ஆத்தூர் கடைவீதியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். "எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். அரசாங்கத்துக்கும் செலவு மிச்சம்."

அப்படி நம்பிக்கை விட்டுப்போன நாட்களில்தான் சேலத்திலிருந்து டாக்டர் ஜெயசிங் வந்து சேர்ந்தார். நரம்பியல் மருத்துவர். பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில், தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர்களின் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், ஒரு சத்தத்தைக் கொடுத்தா அதுக்குப் பின்னாடி ஒரு மனசு இருக்கா இல்லையான்னு உங்க சல்லடை சொல்லும். அப்படித்தானே?"

"இருந்தா சொல்லும். இதுவரைக்கும் சொன்னதில்லை."

"என் வார்டுல மாசக்கணக்கா அசையாம கிடக்கறவங்க இருக்காங்க. மூளைல ஏதோ ஓடிட்டே இருக்கு. அது வெறும் மின்சாரமா, உள்ள ஆள் இருக்காங்களான்னு எனக்குத் தெரியலை. குடும்பத்துக்காரங்க என் முகத்தையே பாக்கறாங்க. நீங்க நட்சத்திரத்துல தேடறதை நான் கட்டில்ல தேடறேன், அவ்வளவுதான்."

மங்கைக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. இன்றைக்கும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல வாய் வராது.

இரண்டு மாதம் உட்கார்ந்து சல்லடையை மருத்துவமனைக்கு ஏற்ப மாற்றினாள். நோயாளியின் தலையில் பொருத்திய பட்டையிலிருந்து வருவது நேராகச் சல்லடைக்குப் போகும். டாக்டர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். வார்டில் மருந்து பம்புகள் ஓடுகின்றன, ஜெனரேட்டரைப் போட்டுப் பார்க்கிறார்கள், நர்ஸ்கள் வந்து போகிறார்கள், இந்த இரைச்சல் எல்லாம் கலந்து வருமே?

மங்கை சிரித்தாள். அதற்கு அவளிடம் கைகண்ட மருந்து இருந்தது.

"எங்களுக்கும் இதே தலைவலிதான் டாக்டர். அதுக்கு ஒரு சுலபமான வழி வெச்சிருக்கோம். நட்சத்திரத்துக்கு நம்ம கடிகாரம் தெரியாது. இன்னைக்கு உதிச்ச நேரத்துக்கு நாளைக்கு உதிக்காது, நாலு நிமிஷம் முன்னாடியே உதிச்சிடும். அதனால தினமும் ஒரே மணிக்கு ஒண்ணு கேட்டுச்சுன்னா, அது கண்டிப்பா மனுஷன் பண்ற வேலை. பால் மோட்டார் காலைல ஆறு மணின்னா ஆறு மணி. அதைக் கேக்காமலே தூக்கிப் போட்டுடும் சல்லடை. உங்க வார்டுலயும் அதே கதைதான். மணியடிச்ச மாதிரி வர்றதெல்லாம் பம்பும் ஜெனரேட்டரும். தூக்கிப் போட்டுட்டா மிச்சம் இருக்கறது நோயாளி."

"பிரமாதம்," என்றார் டாக்டர். அவளுக்கும் அது பிரமாதமாகத்தான் தோன்றியது.

முதல் நோயாளி பாப்பாத்தி என்ற அம்மாள். கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து நாலு மாதமாகக் கிடந்தவள். டாக்டர்கள் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். சல்லடை மட்டும், உள்ளே ஆள் இருக்கிறது என்று சொன்னது. அதை நம்பி வைத்தியத்தைத் தொடர்ந்தார்கள். ஆடி மாதம் ஒரு நாள் பாப்பாத்தி கண்ணைத் திறந்து, லாரி ஓட்டுகிற தன் மகன் குழந்தைவேலுவைப் பார்த்து, "ஏன்டா இப்படி எளச்சுட்டே?" என்று கேட்டாள். 

அப்புறம் கேட்க வேண்டுமா! பத்திரிகைக்காரர்கள் மலையேறி வந்தார்கள். தொலைநோக்கியை மூடுகிற பேச்சு அடங்கிப்போயிற்று. வேறு மருத்துவமனைகளும் சல்லடையைக் கேட்டு வாங்கின. தணிகாசலம் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மனைவியின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சல்லடை "உண்டு" என்று சொன்னவர்கள் சிலர். "இல்லை" என்று சொன்னவர்கள்தான் அதிகம். இல்லை என்று வந்தால், குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசி, கையெழுத்து வாங்கி, செயற்கை மூச்சுக்கான குழாயை எடுத்துவிடுவார்கள். முன்பெல்லாம் மாதக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல் தவித்துச் சின்னாபின்னமான குடும்பங்கள், இப்போது அழுதுவிட்டு வீட்டுக்குப் போயின. இது பெரிய கருணை என்று எல்லாரும் நம்பினார்கள். மங்கையும் நம்பினாள். ஊரார் புகழ்ந்ததைவிட அந்த நம்பிக்கைதான் அவளுக்கு இனித்தது.

அடுத்த தை மாதத்தில் தணிகாசலத்தின் ஸ்கூட்டரைப் புறவழிச்சாலையில் ஒரு வேன் தட்டிவிட்டது.

அதே வார்டு, அதே பட்டை, அதே சல்லடை. பார்வையாளர்களை மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரைதான் உள்ளே விடுவார்கள். மங்கை சேலத்திலேயே அறை எடுத்துத் தங்கி, தினமும் ஐந்து மணிக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாட்களில், தான் வந்தது அவருக்குத் தெரிகிறது என்று தோன்றும். ஏன் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விரல் அசையவில்லை, முகம் மாறவில்லை. இருபது வருடமாக, தோன்றுவதையெல்லாம் நம்பக்கூடாது என்று பழகிய மூளை அவளுக்கு. ஆசை இப்படித்தான் கண்ணைக் கட்டும் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

வார்டு வாசலில் அவளுக்கு முன்பே வந்து நிற்கிற ஒருவர் இருந்தார். வேதமாணிக்கம், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் ஜோயல், கட்டட வேலையில் மேலிருந்து விழுந்தவன். ஒரே பிள்ளை. சல்லடை அவனுக்கு "இல்லை" என்று சொன்னபோது, வேதமாணிக்கம் மங்கையிடம்தான் வந்து நின்றார்.

"நீங்க செஞ்ச மெஷின்னு சொன்னாங்க. எனக்கு அதெல்லாம் புரியாதும்மா. நீங்க சொல்லுங்க. எம்புள்ள உள்ள இருக்கானா?"

"இல்லீங்க ஐயா," என்றாள் மங்கை. "இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தணிகாசலத்துக்கும் அதே பதில் வந்தது. அவர்களின் மகள் யமுனா ஓசூரில் வேலையிலிருந்து லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். 

"எனக்கு மனசு வரலைம்மா. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே."

"எதைப் பாக்கறது? அப்பா அங்க இல்லை, யமுனா. அது உடம்பு மட்டும்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல இத்தனை பேருக்கு நான் சொன்னேன், அவங்க கேட்டாங்க. என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது பொய்யாயிடுமா?"

இருவரும் கையெழுத்திட்டார்கள். எப்போது எடுக்கலாம் என்று டாக்டர் கேட்டதற்கு, ஐந்து மணிக்கு என்றாள் மங்கை. வழக்கமாகத் தான் பக்கத்தில் உட்காருகிற நேரம், அதுவே இருக்கட்டும் என்று நினைத்தாள். குழாயை எடுத்தபின் அவர் வெகுநேரம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். 

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். குழந்தைவேலு துக்கம் கேட்க ஆத்தூருக்கு வந்தான். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, தாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பாப்பாத்தி ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா பொழச்சதே உங்களாலதானுங்க," என்றான் அவன். "நான் ஒரு நல்ல மகனும் இல்லீங்க. மத்தவங்கெல்லாம் அஞ்சு மணியானா டாண்ணு வந்து நிப்பாங்க. எனக்கு ஏது அதெல்லாம்? நாக்பூர் போயிட்டு எப்ப வருவேனோ, லோடு எறக்குன கையோட ஓடியாருவேன். காத்தால வருவேன், மத்தியானம் வருவேன். வாச்மேன் கையில காலுல விழுந்து உள்ள போயிட்டு வருவேன். நேரங்கெட்ட நேரத்துல வந்து எங்கம்மாவை எழுப்பிப்புடறேன்னு நர்சம்மா திட்டும்."

மங்கை சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"என்ன சொன்னீங்க?"

"நேரங்கெட்ட நேரத்துல வருவேன்னு..."

அதன்பின் அவன் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை. அவர்கள் கிளம்பிய கையோடு பஸ் ஏறிச் சேலம் போனாள்.

மலைமேல் சல்லடை தூக்கிப் போட்டதையெல்லாம் வாராவாரம் அழித்துவிடுவார்கள். அங்கே குப்பையைச் சேர்த்துவைக்க இடம் ஏது? மருத்துவமனையில் அப்படி அழிக்க முடியாது. நோயாளியைப் பற்றிய எதையும் பல வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். டாக்டர் ஜெயசிங்கின் அறையில், அவர் எதிரிலேயே உட்கார்ந்து, தணிகாசலத்தின் பெயரில் சல்லடை ஒதுக்கித் தள்ளியதைத் திறந்தாள்.

பம்பு இருந்தது. ஜெனரேட்டர் இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. தினமும் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னதாக மெல்ல எழும்பி, அரைமணி நேரம் நிறைந்து நின்று, பிறகு அடங்குகிற ஒன்று. மணி தவறாமல் வருவதைத் தூக்கிப் போடுகிற சல்லடையின் முதல் வேலையை மட்டும் நிறுத்திவிட்டு, மனசு இருக்கிறதா என்று பார்க்கிற இரண்டாம் வேலைக்கு அதைக் கொடுத்தாள். "உண்டு" என்றது சல்லடை. சந்தேகமே இல்லாமல் சொன்னது.

"நீங்க போய்ப் பேசினதுக்கு மூளை தன்னால காட்டற அசைவா இருக்கலாம் மேடம்," என்றார் டாக்டர். "அதை வெச்சு..."

"இந்த ஞாயித்துக்கிழமையைப் பாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. யமுனாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களிடம் நிலைமையைச் சொல்லி வரத் தருமபுரிக்குப் போயிருந்தாள். யாரும் வராத அந்த நாளிலும் ஐந்து மணிக்கு முன்னதாகவே அது எழும்பியிருந்தது. ஐந்தரைக்கு அடங்கவில்லை. வார்டில் விளக்கை அணைக்கும்வரை அப்படியே நின்றிருந்தது.

"காத்துக்கிட்டு இருந்திருக்கார்," என்றாள் மங்கை. 

அவள் அழுதாள். டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அழுது முடித்தபின் கணக்காசிரியை மாதிரி பேசினாள். "அவ்வளவு ஆழத்துல கிடக்கறவங்க எப்பவும் முழிச்சிருக்க மாட்டாங்க டாக்டர். தன் ஆள் வரும்போது மட்டும்தான் மேல வர்றாங்க. தன் ஆள் தினமும் சொன்ன நேரத்துக்கு வந்தா, அவங்களும் சொன்ன நேரத்துக்குத்தான் வருவாங்க. அதைப் பம்புன்னு நினைச்சு நான் தூக்கிப் போட்டுட்டேன். கண்டபடி வந்தவங்களோட ஆளுங்க பொழச்சாங்க. தவறாம வந்தவங்களோட ஆளுங்களைத்தான் நாம..."

"மலைமேலயும் இப்படித்தானே?" என்றார் டாக்டர், பேச்சை மாற்றுகிறவர் போல. "நம்மைத் தெரிஞ்சுக்கிட்டு, நம்ம நேரத்துக்கு யாராவது கூப்பிட்டிருந்தா?"

"கூப்பிட்டிருந்தா அழிச்சிருப்போம். இனிமே தெரியவும் வராது. எனக்கு இப்ப வானத்தைப் பத்திக் கவலையில்லை. இன்னைக்கே இதை நிறுத்துங்க. எல்லாக் குடும்பத்துக்கும் சொல்லணும்."

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். சல்லடையைச் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம் என்றார். போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை, அவர்களை நினைத்து மனம் ஆறியிருக்கிறவர்களை எதற்கு மறுபடி கொல்ல வேண்டும் என்றார். நாளைக்கு ஒரு பெண்ணுக்குக் குழாயை எடுப்பதாக இருக்கிறது, கல்லூரிப் பெண், அவளுடைய தாய் கையெழுத்துப் போட்டாயிற்று என்பதையும் அவரே சொன்னார்.

"அதை நிறுத்துங்க டாக்டர்!"

"காரணம் என்னன்னு நிர்வாகம் கேக்கும். காரணம் சொன்னா எல்லாமே வெளில வரும். என்னால முடியாது மேடம். நீங்க போய்ச் சொன்னாலும், புருஷன் போன துக்கத்துல பேசறாங்கன்னுதான் நினைப்பாங்க. அந்த அம்மாவே நம்ப மாட்டாங்க. இதே மாதிரி இழந்தவங்க இன்னொருத்தர் வந்து அவங்க முன்னாடி நின்னா, அப்ப வேற."

அது மிரட்டலா, வழி காட்டுகிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. ஜோயலின் பதிவையும் திறந்து பார்த்தாள். அதே எழுச்சி, அதே ஐந்து மணி. 

மறுநாள் மதியத்துக்குமேல் சூரமங்கலத்தில் வேதமாணிக்கத்தின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். அவர் வாசலுக்கே வந்து வரவேற்றார். கூடத்தில் ஜோயலின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவர் மனைவி எஸ்தர் கும்பிட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

"வீட்டுக்காரர் தவறினதைக் கேள்விப்பட்டேன். கர்த்தர் ஆறுதல் தரணும்," என்றார் வேதமாணிக்கம். "உங்களை நான் தினமும் ஜெபத்துல நினைப்பேன்மா. அன்னைக்கு நீங்க சொன்ன ஒரு வார்த்தைலதான் நான் உயிரோட இருக்கேன். எனக்கு மனசுல குறை இல்ல. ஒரு நாள்கூட நான் அவனைப் பாக்கப் போகாம இருந்ததில்ல. ஒரு நாள்கூட லேட் கிடையாது. ரயில்வேக்காரன் பாருங்க."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது பொருந்தவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். நாளை இந்நேரம் அந்தக் கல்லூரிப் பெண் இருக்கமாட்டாள், நாளை என்ன, இன்று மாலையே எடுத்துவிடுவார்கள். சொல்லிவிட்டாள். பால் மோட்டாரிலிருந்து ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை வரை, ஒன்றையும் மறைக்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஜோயல் உள்ளே இருந்தான் என்பதையும் சொன்னாள்.

வேதமாணிக்கம் குறுக்கே பேசாமல் கேட்டார். அவள் முடித்ததும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"நான் ஒரு நாலு நாள் முன்னப்பின்ன வந்திருந்தா?"

வாச்மேன் விட்டிருப்பானா, விதிமுறை இருக்கிறதே என்றெல்லாம் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை.

"மெஷின் கண்டுபிடிச்சிருக்கும் ஐயா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கைகள் மட்டும் வேட்டியைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தன.

"இவ சொல்லுவா," என்றார் மெதுவாக. "மதியம் பட்டினியா கிடந்துட்டு ஏன் ஓடறீங்க, சாப்புட்டு மெல்லப் போங்க, அரைமணி லேட்டானா என்னன்னு. நான்தான் அவளைத் திட்டுவேன். அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். எங்கிட்ட சொன்னது எங்கிட்டயே இருக்கட்டும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் எங்கயும் வரலை. யார் முன்னாடியும் என்னால நிக்க முடியாது."

"ஐயா, அந்தப் பொண்ணு..."

"முடியாதும்மா."

அடுக்களை வாசலில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று இருவருக்கும் தெரியாது. அவள் கணவரைப் பார்க்கவில்லை.

"எல்லாம் கேட்டுச்சு," என்றாள். "அந்தப் பொண்ணுக்கு எப்ப எடுக்கப்போறாங்க?"

"இன்னைக்குச் சாயந்திரம்."

"அவங்கம்மா வந்திருப்பாங்களா?"

"வருவாங்க. கடைசியா ஒரு தடவை பாத்துக்கச் சொல்லி உள்ள விடுவாங்க."

எஸ்தர் உள்ளே போய்ச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்தாள். மகனின் படத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு வாசலில் செருப்பை மாட்டினாள்.

"இவரு வரமாட்டாரு. நான் வரேன்," என்றாள் மங்கையிடம். "உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. இந்த ஜென்மத்துல அது நடக்காது. அந்தப் புள்ளைக்காக வரேன்."

மன்னிப்பை எதிர்பார்த்து மங்கை வந்திருக்கவில்லை என்றாலும், அந்த வார்த்தை அவளுக்கு வலித்தது. இரண்டு பெண்களும் படி இறங்கினார்கள். வேதமாணிக்கம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவர்கள் கேட்டைத் திறக்கும்போது உள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"எஸ்தரு, அஞ்சு மணிக்கு அரைமணிதான் இருக்கு. பஸ்ஸுக்கு நிக்காதீங்க. ஆட்டோ புடிச்சுப் போங்க."